காலுறையில் காய்த்த பறங்கிக்காய்!

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு? தீபாவளி, பட்சணம், அடைமழை, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை என்ற புலம்பல் - இவைதானே! சென்னைவாசிகளுக்கு அது குடைக் காலம். ஆனால் அதே நாட்களில், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு பெரிய திருவிழா நடந்துகொண்டிருக்கும். அதை நடத்துகிறவை மரங்கள்!

அங்கே அது இலையுதிர் காலம். அமெரிக்கர்கள் அதைச் சுருக்கமாக 'ஃபால்' என்று சொல்லிவிடுகிறார்கள். விழுகிற காலம் என்று அர்த்தம். பெயர் என்னவோ சோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுவதற்கு முன்னால் அந்த இலைகள் போடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது! மேப்பிள் மரம் குங்குமமாகச் சிவக்கிறது. ஹிக்கரி மரம் மஞ்சள் பூசிக்கொள்கிறது. ஓக் மரம் நல்ல காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, இலை தன் பச்சை நிறப் பொருளைத் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. இருக்கிற பச்சையும் கரைந்து மறைகிறது. அத்தனை நாள் அந்தப் பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரிகிறது. சிவப்போ அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. நல்ல வெயில் அடிக்கும் பகலும், குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால், இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து சிவப்புச் சாயம் பிறக்கிறது.

ஆக, இளந்தளிருக்குக் கிடைக்காத அலங்காரம் உதிரப் போகும் இலைக்குக் கிடைக்கிறது! இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், ஓய்ந்துபோன ஒரு பொருளை அலங்காரமாக்கிப் பெயர் வாங்கிய ஓர் ஊருக்குத்தான் உங்களை இப்போது அழைத்துப்போகப் போகிறேன். அந்தப் பொருள் வேறொன்றுமில்லை. கிழிந்த காலுறை!

சிகாகோவிலிருந்து புறப்படுவோம்

சிகாகோ நகரம் நமக்குப் புதிதல்ல. 1893-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சுவாமி விவேகானந்தர் பேசி, சபையைத் தன் வசமாக்கிய ஊர் அல்லவா? அங்கிருந்து வடமேற்கே சுமார் 90 மைல் போனால் ராக்ஃபோர்டு வந்துவிடும். நேர்ச் சாலையில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் நாம் அவசரக்காரர்கள் இல்லையே! கொஞ்சம் தெற்கே சுற்றிக்கொண்டு, சிக்கமோர் என்ற சிற்றூரைப் பார்த்துவிட்டுப் போவோம்.

நகரத்தின் கூட்டம் மறைந்ததும் இரண்டு பக்கமும் வயல்கள் தொடங்குகின்றன. இல்லினாய் ராஜ்யத்தின் பெரும்பகுதி தட்டையான பூமி. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயா மொச்சையும்தான். அக்டோபரில் சோளம் முற்றிக் காய்ந்து, காற்றடித்தால் காகிதம் கசக்குவதைப் போலச் சலசலக்கிறது. அங்கங்கே பச்சைக் கொடிக்கு நடுவில் ஆரஞ்சு நிறப் பந்துகள் உருண்டு கிடக்கும். அவைதாம் பறங்கிக்காய்கள்!

அமெரிக்காவில் பறங்கிக்காய் விளைச்சலில் முதலிடம் இந்த இல்லினாய்க்குத்தான். அதில் பெரும்பகுதி டப்பாவில் அடைக்கப்பட்டு, இனிப்புப் பணியாரம் செய்வதற்காக நாடெங்கும் போகிறது. தெற்கே மார்ட்டன் என்ற ஊருக்கு 'உலகத்தின் பறங்கித் தலைநகர்' என்றே 1978-ல் பட்டம் கட்டியிருக்கிறார்கள். பட்டம் கொடுத்தவர் யாரோ எவரோ அல்ல, ராஜ்யத்தின் கவர்னர்!

சிக்கமோர் ஊரின் கதை இன்னும் ருசியானது. 1956-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர், பறங்கிக்காய்களுக்கு விதவிதமாக அலங்காரம் செய்து தம் வீட்டு வாசல் புல்தரையில் வரிசையாக வைத்தார். ஊர் கூடிப் பார்த்தது. அடுத்தடுத்த வருஷங்களில் கூட்டம் பெருகியது. 1962-ல் அது ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது. கோர்ட்டுக் கட்டிடத்தின் புல்தரையில் பறங்கிக்காய்கள் அணிவகுத்தன. வழக்குப் பேச வருகிறவர்கள் கூட அன்று சிரித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்!

வாசலில் ஒரு கொலு

இந்த ஊர்களின் தெருக்களில் மெதுவாக நடந்து பாருங்கள். அக்டோபர் தொடங்கி நவம்பர் முடியும் வரை ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் ஒரு சிறிய கொலுதான். படிக்கு ஒன்றாகப் பறங்கிக்காய். தூணில் கட்டிய சோளத்தட்டைக் கட்டு. ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சோளக்கொல்லைப் பொம்மை. கதவில் காய்ந்த இலைகளாலும் பல வர்ணச் சோளக்கதிர்களாலும் கட்டிய வளையம். நாம் நிலைப்படிக்கு மாவிலைத் தோரணம் கட்டுகிறோமே, அதே ஆசைதான்.

அக்டோபர் 31 'ஹாலோவீன்'. அன்று பறங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கிறார்கள். பேய் பிசாசு அண்டாமல் இருப்பதற்காக இப்படி விளக்கு வைக்கும் வழக்கம் அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவில் குடியேறியபோது, அதைவிடப் பெரிதாகவும் குடைய எளிதாகவும் பறங்கிக்காய் கிடைத்தது. விடுவார்களா? நம் ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் பூசணிக்காயில் கோர முகம் எழுதிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கண்ணேறுக்குப் பயப்படாத நாடு எது, சொல்லுங்கள்!

இன்னொரு சொந்தமும் உண்டு. பறங்கிக்காயின் பிறந்தவீடு அமெரிக்கக் கண்டம். கடல் கடந்து வந்த பறங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் நாம் அதற்குப் 'பறங்கிக்காய்' என்று பெயர் வைத்தோம். பொங்கல் குழம்பில் அது இல்லாவிட்டால் நமக்கு ஓடாது. ஆனால் பெயரில் மட்டும் இன்றுவரை அந்நியமாகவே வைத்திருக்கிறோம், பாவம்!

ஆனால் காய் என்றால் அழுகத்தான் செய்யும். குடைந்த பறங்கிக்காய் ஒரு வாரமோ பத்து நாளோ தாங்கினால் அதிகம். முழுக்காயாக வைத்தாலோ, அணில்கள் வந்து கொறிக்கின்றன. உறைபனி வந்து தோலைக் குழைத்துவிடுகிறது. நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். வெளியூரிலிருந்து பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேருகிற பண்டிகை அது. அன்றைக்கு மேஜை நடுவில் வைக்க அழுகாத பறங்கிக்காய்க்கு எங்கே போவது? அங்கேதான் பழைய காலுறை உதவிக்கு வருகிறது. அது பிறந்த கதையைக் கேட்க நாம் ராக்ஃபோர்டுக்கே போய்விடுவோம்.

சிவப்புக் குதிகால்

ராக்ஃபோர்டு என்றால் 'பாறைத்துறை' என்று சொல்லலாம். ராக் நதியின் அடியில் பாறை இருந்ததால், அந்த இடத்தில் ஆற்றை நடந்தே கடக்க முடிந்தது. 1834-ல் முதல் குடியேற்றக்காரர்கள் வந்து தங்கினார்கள். சிகாகோவுக்கும் கெலீனா என்ற ஈயச் சுரங்க ஊருக்கும் பாதி வழியில் இருந்ததால் முதலில் 'மிட்வே', அதாவது நடுவழி என்றுதான் பெயர். மரங்கள் அடர்ந்திருப்பதால் இதை வனநகர் என்றும் சொல்கிறார்கள். நதிக்கரை மரங்கள் அக்டோபரில் தண்ணீரில் நிழல் விழுத்தி நிற்கும்போது, ஆறே பட்டுப்புடவை உடுத்தியதுபோல் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடன் தேசத்தவர்கள் ஏராளமாக இங்கே வந்து குடியேறினார்கள். மேஜை, நாற்காலி, பீரோ செய்வதில் ஊர் பெயர் பெற்றது. 1852-ல் அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜான் நெல்சன். மரவேலையில் இருந்த அந்த மனிதருக்குக் காலுறை பின்னும் யந்திரத்தில் புத்தி போயிற்று.

காலுறையில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? நடந்து பிழைக்கிறவனைக் கேட்க வேண்டும்! காலுறையில் தையல் இருந்தால் அது பூட்ஸுக்குள் உறுத்தும். குதிகாலில் கொப்புளம் எழும். நெல்சனின் யந்திரமோ தையலே இல்லாமல் குழாய் மாதிரி பின்னிக்கொண்டே போயிற்று. 1880-ல் நெல்சன் பின்னலாடைக் கம்பெனி ஏற்பட்டது. பழுப்பும் வெள்ளையும் கலந்த நூல், வெள்ளை விரல், வெள்ளை வாய். அந்தத் தடித்த காலுறை விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் உற்ற தோழனாகிவிட்டது.

பெயர் வந்தால் போலியும் வரும் அல்லவா? கண்டவர்களெல்லாம் அதே மாதிரி காலுறை பின்னி, 'ராக்ஃபோர்டு காலுறை' என்றே விற்றார்கள். ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது! அசல் எது, நகல் எது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? 1932-ல் கம்பெனியார் ஒரு யுக்தி செய்தார்கள். குதிகாலுக்கு மட்டும் சிவப்பு நூலைப் போட்டார்கள். சிவப்புக் குதிகால் இருந்தால் அசல். அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு என்ன வேலை செய்யப் போகிறது என்று கம்பெனியாருக்கு அப்போது தெரியாது.

கந்தலில் பிறந்த குரங்கு

1932 என்பது அமெரிக்காவுக்குப் பொல்லாத காலம். 1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்ததிலிருந்து பாங்குகள் மூடின, ஆலைகள் நின்றன, வேலை போயிற்று. பட்டணத்து நடுத்தரக் குடும்பங்கள்கூடச் செல்லாக் காசுக்கும் கணக்குப் பார்த்தன. அந்த நாளில் கிறிஸ்துமஸுக்குக் குழந்தை பொம்மை கேட்டால் தாய் என்ன செய்வாள்? கடைக்குப் போகக் காசில்லை. ஆனால் வீட்டுக்காரரின் ஓய்ந்துபோன காலுறை இருக்கிறது. ஊசி இருக்கிறது. கை இருக்கிறது.

அவள் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு உடம்பு, சிவப்புக் குதிகால். குதிகாலின் அந்தக் குழிவு அவள் கண்ணுக்கு ஒரு வாயாகத் தெரிந்தது. சிரிக்கிற வாய், குரங்கின் வாய்!

ஒரு ஜோடி காலுறையில் ஒரு முழுக் குரங்கு பிறந்துவிடுகிறது. முதல் காலுறையின் வாய்ப்பக்கத்தை நடுவில் வெட்டித் தைத்தால் இரண்டு கால்கள். அதன் குதிகால் குரங்கின் சிவந்த பின்புறம். விரல்பக்கம் தலை. இரண்டாவது காலுறையின் குதிகால் சிவந்த உதடு. மிச்சத்தில் இரண்டு கைகள், இரண்டு காதுகள், நீண்ட வால். கண்ணுக்குப் பழைய சட்டைப் பொத்தான். வீணான துண்டு கிடையாது. காய்கறித் தோலைத் துவையல் அரைக்கிற நம் பாட்டிமார்கள் பார்த்திருந்தால், 'கெட்டிக்காரி' என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு வழித்து நெட்டி முறித்திருப்பார்கள்.

இந்தக் குரங்கை முதலில் செய்தவள் யார்? அதற்கு ஒரு பெயர் சொல்வது கடினம். ஒரு வீட்டில் பார்த்து இன்னொரு வீட்டில், அக்காளிடம் கற்றுத் தங்கை என்று கைமாறிப் பரவிய வேலை அது. கோலத்துக்கு யார் பெயரில் பட்டா இருக்கிறது?

ஆனால் பட்டா விவகாரமே ஒரு சமயம் வந்துவிட்டது! 1950-களின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி, காலுறைக் குரங்கின் வடிவத்துக்குத் தம் பெயரில் உரிமை வாங்கினார். இனி வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று தகராறு கிளம்பியது. நெல்சன் கம்பெனி விசாரணையில் இறங்கியது. ராக்ஃபோர்டிலேயே ஒரு பாட்டி அதற்கு முன்பே தம் பேரனுக்கு இப்படிக் குரங்கு செய்து கொடுத்திருந்தது தெரிந்தது. கடைசியில் விவகாரம் தீர்ந்து, 1955-ல் உரிமை நெல்சன் கம்பெனியின் கைக்கு வந்தது.

அப்புறம் கம்பெனி செய்ததுதான் அழகு. உரிமைப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. குரங்கு செய்யும் முறையை அச்சடித்து, ஒவ்வொரு ஜோடி காலுறையுடனும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. வியாபாரத் தந்திரந்தான், இல்லை என்று சொல்லவில்லை. குரங்குக்காகவே காலுறை வாங்கினார்கள்! ஆனாலும் பாட்டியின் கைவேலை பாட்டிகளிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்தது அல்லவா?

ஆலை போயிற்று, பொம்மை இருக்கிறது

ராக்ஃபோர்டின் நல்ல காலம் நிரந்தரமாக இருந்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. தொழிற்சாலைகளை நம்பிய ஊர் அல்லவா? நெல்சன் கம்பெனிக்கும் அந்திமக் காலம் வந்தது. 1992-ல் பக்கத்து அயோவா ராஜ்யத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் ரிவர் மில்ஸ் என்ற கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஊருக்குச் சோறு போட்ட சிவப்புக் குதிகால் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது.

இப்போது ராக்ஃபோர்டுக்குப் போகிறவர்கள் காலுறைக் குரங்கைப் பார்க்கப் போகிற இடம், மிட்வே வில்லேஜ் என்ற பொருட்காட்சிசாலை. ஊரின் பழைய பெயர் ஞாபகம் இருக்கிறதா, நடுவழி? அதே பெயர்தான். பழங்காலத்து வீடுகளும் கடைகளுமாக ஒரு சிறு கிராமத்தையே அங்கே அமைத்திருக்கிறார்கள். ராக்ஃபோர்டின் பெண்களுக்கு வேறு பெருமைகளும் உண்டு. 1943 முதல் 1954 வரை இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பெண்கள் பேஸ்பால் குழு ஒன்று மைதானத்தில் சக்கைப்போடு போட்டிருக்கிறது. ஆனால் பந்து அடித்த பெண்களைப் போலவே, ஊசி பிடித்த பெண்களையும் ஊர் மறக்கவில்லை. பலர் கையில் பிறந்த குரங்குகள் அங்கே இருக்கின்றன. ஒன்றின் சிரிப்பு போல இன்னொன்றின் சிரிப்பு இராது. ஒன்று கொஞ்சம் வாய் கோணியிருக்கும். ஒன்றின் கண் மேலும் கீழுமாக இருக்கும். கை செய்த பொருளுக்கு அதுதானே அடையாளம்!

யோசித்துப் பாருங்கள். ஆலை பின்னிய காலுறைகள் கோடிக்கணக்கில் கிழிந்து குப்பைக்குப் போய்விட்டன. தூக்கி எறிய மனம் வராமல் ஒரு தாய் எடுத்து வைத்தாளே, அந்தச் சில மட்டும் நிற்கின்றன. ஊரின் பெயரைச் சொல்வதற்கு அவைதாம் மிச்சம்.

உங்கள் வீட்டில் ஒரு பறங்கிக்காய்

குரங்கு செய்யப் பொறுமையும் தையல் பழக்கமும் வேண்டும். பறங்கிக்காய் அப்படியல்ல. அது குரங்கின் தங்கை, சமர்த்துப் பெண். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து வயதுப் பெண்கூட உங்களுடன் உட்கார்ந்து செய்யலாம். இன்று அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால், இது பல வீடுகளின் கைவேலை.

காலுறை எப்போதும் குதிகாலிலோ கட்டைவிரலிலோதான் சாகிறது. கணுக்காலுக்கு மேலே உள்ள குழாய்ப் பகுதி பெரும்பாலும் புதுசாகவே இருக்கும். ஆகவே, குதிகாலுக்கு மேலே கத்தரியால் ஒரே வெட்டு. குழாய் தனியாக வந்துவிடும்.

குழாயை உள்வெளியாகத் திருப்புங்கள். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து, கெட்டி நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக முடியுங்கள். இப்போது மறுபடி திருப்பினால், முடிச்சு உள்ளே போய் ஒரு பை கிடைக்கும்.

அடியில் கொஞ்சம் கனம் வேண்டும். இல்லாவிட்டால் மேஜையில் நிற்காமல் உருளும். அந்த ஊர்ப் பெண்கள் அரிசியோ மொச்சையோ போடுகிறார்கள். நம் சீதோஷ்ணத்துக்கு அரிசி கூடாது; வண்டு வைத்துவிடும். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை இரண்டு கைப்பிடி போதும். அதற்கு மேல் இலவம்பஞ்சு. பஞ்சைத் தலையணை மாதிரி திணித்துவிடாதீர்கள். முக்கால் பங்கு நிரம்பினால் போதும். ஏன் என்பது அடுத்த கட்டத்தில் தெரியும்.

வாயின் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே சுற்றிவர ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுங்கள். சுருக்குப்பை மாதிரி வாய் சேர்ந்துகொள்ளும். இறுக்கி முடி போட்டுவிடுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு பந்து.

பந்தைப் பறங்கிக்காயாக்குவது நூல்தான். நீளமான ஊசியில் கெட்டி நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். உச்சியில் முடிந்து, வெளிப்புறமாக நூலை அடிவரைக்கும் கொண்டுவாருங்கள். அடி நடுவில் ஊசியைக் குத்தி உச்சி வழியே வெளியே எடுத்து, நன்றாக இழுங்கள். நூல் பஞ்சுக்குள் புதைந்து ஒரு பள்ளம் விழும். இப்படியே எதிர்ப்புறம், பிறகு நடுநடுவே என்று ஆறு அல்லது எட்டு பள்ளங்கள். பஞ்சைத் திணித்து நிரப்பியிருந்தால் இந்தப் பள்ளம் விழாது. அதற்குத்தான் முக்கால் பங்கு என்றேன். எட்டாவது முறை நூலை இழுத்ததும் காய் பிறந்துவிடும்.

காம்புக்கு அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு இலவங்கப்பட்டை. வாசனைக்கு வாசனை, அழகுக்கு அழகு. ஒரு சிறு சுள்ளி செருகினாலும் சரி. பழைய பச்சை ரவிக்கைத் துணியில் இரண்டு இலை வெட்டிக் காம்படியில் தைத்துவிடுங்கள்.

காலுறை வெள்ளையாக இருக்கிறதே என்கிறீர்களா? வெட்டுவதற்கு முன்னாலேயே மஞ்சள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் பறங்கி ஆகிவிடும். தேயிலை டிகாக்ஷனில் ஊறவைத்தால் இலையுதிர் காலத்துப் பழுப்பு வரும். ஒரு சேதி: இந்தச் சாயங்கள் வெயிலில் வெளிறும். மஞ்சளில் தோய்த்ததைச் சோப்பில் போட்டால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்து போகும். ஆகவே நிழலான இடத்தில், மற்றத் துணிகளுடன் ஒட்டாமல் வையுங்கள். இது துணிப் பறங்கி என்பதால் உள்ளேயோ பக்கத்திலோ விளக்கு, மெழுகுவத்தி எதுவும் கூடாது.

மிச்சத்தையும் விடாதீர்கள்

ராக்ஃபோர்டுப் பெண்ணின் தர்மம், துண்டுகூட வீணாகக் கூடாது. குழாய்ப் பகுதி போக, விரல்பக்கம் மிச்சமிருக்கிறதே? ஓட்டையில்லாத விரல்பக்கமாகப் பார்த்துக் குதிகாலுக்கு முன்னால் வெட்டி, பஞ்சு அடைத்து, திறந்த முனையை நேர்கோடாகத் தட்டையாகத் தைத்துவிடுங்கள். இரண்டு மூலைகளும் காது மாதிரி எழுந்து நிற்கும். பெரிய பொத்தான் இரண்டைக் கண்ணாக வைத்து, நடுவே ஒரு முக்கோணத் துணியை மூக்காகத் தைத்தால், ஆந்தை! நாம் ஆந்தையைக் கண்டால் முகம் சுளிப்போம். அந்த நாட்டில் அது அறிவாளிப் பறவை. இலையுதிர் கால அலங்காரத்தில் அதற்குத் தனி இடம் உண்டு.

வேலைப்பாடுள்ள பெரிய காலுறை அகப்பட்டால், அதன் வாய்ப்பகுதியைக் கண்ணாடிப் புட்டிக்குச் சட்டையாக மாட்டிவிடுங்கள். அதில் நாலு காய்ந்த சோளக்கதிரோ நாணல்பூவோ செருகினால் பூஜாடி தயார்.

நமக்கு இலையுதிர் காலம் இல்லாவிட்டால் என்ன? நவராத்திரியும் அதே பருவத்தில் வருகிற பண்டிகைதானே! கொலுவில் செட்டியார் கடை வைக்கிறீர்கள். செட்டியாருக்கு முன்னால் அரிசியும் பருப்பும் குவித்து வைக்கிறோம். காய்கறி வியாபாரத்தையும் அவரே கவனிக்கட்டுமே! குழந்தைகளின் சின்னக் காலுறையில் செய்தால் எலுமிச்சம்பழம் அளவில் பறங்கிக்காய்கள் கிடைக்கும். அரை டஜன் செய்து அடுக்கினால், சுண்டலுக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காமல் போகமாட்டார்கள்.

குழந்தையின் முதல் காலுறையைத் தூக்கிப் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? கட்டைவிரல் நீளம்கூட இராது. பெட்டியின் அடியில் போட்டு வைக்கிறோம். அங்கே பூச்சி அரிக்கிறது. பறங்கிக்காய் ஆக்கிவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும். அடுத்த வருஷம் அதன் அக்காளும் அண்ணனும் பக்கத்தில் வந்து சேரும். ஆகவே, செய்து முடித்ததும் ஒரு சின்னக் காரியம் மறக்காமல் செய்யுங்கள். காயின் அடியில், நூலாலோ மையாலோ, அது யாருடைய காலுறை, எந்த வருஷம் என்று எழுதி வையுங்கள். பையன் வளர்ந்து பெரியவனாகி, தன் பிள்ளைக்குக் கொலுப் பெட்டியைத் திறந்து காட்டுகிற நாளில், அந்த எலுமிச்சம்பழப் பறங்கியைத் திருப்பிப் பார்த்து, "என் கால் இவ்வளவுதான் இருந்ததா?" என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்.